பச்சிளம் இருதயமும் பாகைக் கணக்கும்

வெளியே கொளுத்தும் வெயில். ஆனால் மருத்துவமனையின் அறுவைக் கூடத்துக்குள் நுழைந்தால் கேமரன் மலையில் போய் இறங்கியது போல் இருக்கும். கனத்த அங்கி, கையுறை, முகக் கவசம் அணிந்து, பெரிய விளக்குகளின் கீழ் மணிக்கணக்கில் நின்று வேலை செய்யும் மருத்துவர்களுக்கு அந்தக் குளிர் தேவைப்படுகிறது. மேசையில் படுத்திருக்கும் பெரியவருக்கு ஒரு போர்வை போதும்.

மேசையில் கிடப்பது ஒரு கிலோ எடைகூட இல்லாத குறைமாதச் சிசு என்றால் நிலைமை தலைகீழாகிவிடும். சிசு வருவதற்கு முன்பே குளிர்சாதனத்தின் வேகம் குறைக்கப்படும். மருத்துவர்களும் தாதியரும் வியர்வையில் நனைவார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த அறையில் வசதியாக இருக்க வேண்டியவர் ஒருவர்தான். அவருக்குப் பேசத் தெரியாது. 'குளிர்கிறது' என்று சொல்லத் தெரியாது. குளிர்ந்தால் உடல் நடுங்கிக் காட்டவும் தெரியாது.

இந்தச் சின்ன வழக்கத்துக்குப் பின்னால் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் விந்தை ஒன்றும் உண்டு. சிசுவைக் கொல்வது குளிர் என்று கண்டுபிடித்த அதே மருத்துவ உலகம்தான், சிசுவின் இருதயத்தைத் திறப்பதற்கு அதே குளிரைத் துணைக்கு அழைத்தது.

கோழிக் குஞ்சிலிருந்து தொடங்கிய பாடம்

கோழி அடைகாப்பதைக் கண்டிராத கிராமம் உலகில் இல்லை. ஆனால் அந்தக் காட்சியிலிருந்து ஒரு மருத்துவக் கருவி பிறக்கும் என்று 1870களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பாரிஸ் நகரில் ஸ்டெஃபான் தார்னியே என்னும் மகப்பேற்று மருத்துவர் இருந்தார். மட்டெர்னிட்டே என்னும் பிரசவ மருத்துவமனையில் ஏழைத் தாய்மார்கள் பெற்ற குறைமாதக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிவதைக் கண்டு வருந்தியவர் அவர். 1878ஆம் ஆண்டில் பாரிஸ் விலங்குத் தோட்டத்தில் கோழிக் குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டிகளைப் பார்த்தார். முட்டைக்கு உதவும் பெட்டி மனிதக் குஞ்சுக்கு ஏன் உதவக்கூடாது என்ற எண்ணம் பிறந்தது. அந்தப் பெட்டிகளைச் செய்த மார்ட்டின் என்பவரிடமே குழந்தைகளுக்கான பெட்டி ஒன்றைச் செய்யச் சொன்னார்.

1880இல் அந்தப் பெட்டி மருத்துவமனைக்கு வந்தது. இரண்டு தட்டுகள் கொண்ட மரப் பெட்டி அது. கீழ்த் தட்டில் சுடுநீர். அதன் சூட்டில் எழும் காற்று மேல் தட்டில் படுத்திருக்கும் குழந்தைகளைச் சூழ்ந்து செல்லும். மேலே ஒரு கண்ணாடி மூடி. அவ்வளவுதான். மருந்து ஒன்றும் இல்லை. மந்திரமும் இல்லை.

ஆனால் பலன் வியக்க வைத்தது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளில் அதற்கு முன்பு 100க்கு 66 பேர் இறந்தனர். பெட்டி வந்தபின் அது 38 ஆகக் குறைந்தது. தார்னியேயின் மாணவர் பியேர் புடேன் இந்தப் பணியைத் தொடர்ந்து நடத்தி, 1900இல் ஒரு நூலாகவே எழுதினார். குறைமாதக் குழந்தைக்கு முதல் தேவை வெப்பம் என்பது அவர் உலகுக்குச் சொன்ன செய்தி.

அந்தச் செய்தி கடல் கடந்து போனது. ஆனால் போன விதம் விசித்திரமானது. அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் இந்தப் பெட்டிகளைப் பொழுதுபோக்குப் பூங்காவில் காட்சிக்கு வைத்தார். நியூயார்க்கின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை மக்கள் காசு கொடுத்து உள்ளே போய், பெட்டிக்குள் படுத்திருக்கும் சின்னஞ்சிறு உயிர்களைப் பார்த்தார்கள். அந்தக் காசில்தான் அக்குழந்தைகளுக்குப் பாலும் தாதியரும் கிடைத்தன. மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகளைக் கேளிக்கைப் பூங்கா காப்பாற்றியது என்பது அந்தக் காலத்தின் அவலம்.

மறந்த பாடம், மீண்டும் கற்ற பாடம்

தெரிந்த உண்மை என்றும் தெரிந்தே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர்கள் பலர், குறைமாதக் குழந்தையின் உடல் கொஞ்சம் குளிர்ந்து இருப்பது அதன் இயல்பு என்றே நினைத்துவிட்டார்கள். பெட்டி இருந்தது. ஆனால் அதன் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் அக்கறை இல்லை.

அந்த அலட்சியத்தை உடைத்தவர் வில்லியம் சில்வர்மன். நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குப் பெட்டியின் வெப்பம் 28.9 பாகை செல்சியஸ். இன்னொரு குழுவுக்கு 31.7 பாகை. வித்தியாசம் மூன்று பாகைகூட இல்லை. 1958இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. சூடு கூடிய பெட்டியில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தோர் மற்றக் குழுவைவிட 100க்கு 15 பேர் அளவுக்கு அதிகம்.

மூன்று பாகைக்கும் குறைந்த சூடு. அதன் விலை அத்தனை உயிர்கள்!

ஏன் அப்படி? அதற்கு விடை 1960களில் கிடைத்தது. பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்கும். தசைகள் துடித்து வெப்பம் உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு அந்த வழி ஏறத்தாழ இல்லை. அதற்கு இயற்கை வேறொரு அடுப்பை வைத்திருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்தைச் சுற்றியும், சிறுநீரகங்களின் ஓரத்திலும் பழுப்பு நிறக் கொழுப்பு படிந்திருக்கும். குளிர் பட்டால் அந்தக் கொழுப்பு எரிந்து சூடு தரும். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்கின்ஸ், ஹல் என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்த முயல்குட்டிகளிடம் இதைக் கண்டறிந்தனர். மனிதக் குழந்தையிடமும் அதே கொழுப்பு உண்டு என்பது பின்னர் உறுதியானது.

ஆனால் அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது. காற்றும் வேண்டும். பழுப்புக் கொழுப்பு எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். நலமான குழந்தை கூடுதலாக மூச்சு வாங்கிச் சமாளித்துவிடும். இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தை எங்கே போகும்?

நீலக் குழந்தையின் இக்கட்டு

இருதயக் கோளாறு உள்ள சிசுவின் உடலில் பிராணவாயு ஏற்கெனவே பற்றாக்குறை. சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். அந்த உடல் குளிர்ந்தால், இருக்கும் கொஞ்சப் பிராணவாயுவையும் சூடு உண்டாக்கவே செலவழித்துவிடும். இரத்தத்தில் அமிலம் கூடும். நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். சுருங்கினால் பிராணவாயு இன்னும் குறையும். குறைந்தால் இன்னும் அமிலம். இப்படிச் சுழலும் சக்கரத்தில் சிக்கிய சிசுவை மீட்பது கடினம்.

இதற்கு மேல் மயக்க மருந்து வேறு. மயக்க மருந்து வலியை மட்டும் அடக்குவதில்லை. உடலின் வெப்பக் காவலையும் அடக்கிவிடுகிறது. பழுப்புக் கொழுப்பின் அடுப்பு அணைந்து போகிறது. அந்த நேரத்தில் சிசுவின் சட்டை கழற்றப்படுகிறது. தோல் கிருமிநாசினியால் நனைக்கப்படுகிறது. ஈரம் காய்கையில் அதுவும் வெப்பத்தைக் கொண்டு போகிறது. எடையோடு ஒப்பிட்டால் சிசுவின் தோல் பரப்பு பெரியவரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வீட்டுக்குச் சன்னல் அதிகம் என்றால் குளிர் சுலபமாக நுழையும் அல்லவா? அதே கதைதான்.

குளிர்ந்த உடலில் இரத்தம் உறைவது தாமதப்படும். மருந்துகள் உடலை விட்டு வெளியேற நேரம் பிடிக்கும். மயக்கம் தெளிவது தள்ளிப் போகும். இருதயத் துடிப்பே தாளம் தப்பக்கூடும். ஆகவே, அறுவை நன்றாக முடிந்தும் குழந்தை தேறவில்லை என்ற நிலை வரலாம்.

குழந்தைகளின் இருதயக் கோளாறுக்கு அறுவை செய்யலாம் என்ற துணிவே 1938இல்தான் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் மருத்துவர், பிறந்த பின்னும் மூடாமல் இருந்த ஒரு நாளத்தைக் கட்டி மூடினார். அதன் பின் 1944 நவம்பர் 29ஆம் தேதி பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புகழ்பெற்ற 'நீலக் குழந்தை' அறுவை நடந்தது. மேசையில் கிடந்தது 15 மாதக் குழந்தை. எடையோ 4 கிலோ அளவுதான். குழந்தை இருதய மருத்துவர் ஹெலன் டௌசிக் யோசனை தந்தார். ஆல்ஃபிரட் பிளாலாக் கத்தியைப் பிடித்தார். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையை உருவாக்கிய கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸ், பிளாலாக்கின் பின்னால் நின்று வழிகாட்டினார்.

இந்த இரண்டு அறுவைகளும் இருதயத்துக்கு வெளியே உள்ள குழாய்களில் நடந்தவை. இருதயத்தைத் திறந்து உள்ளே இருக்கும் ஓட்டையைத் தைப்பது எப்படி? திறந்தால் இரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். வழக்கமான உடல் வெப்பத்தில் சில நிமிடங்கள் இரத்தம் போகாவிட்டால் மூளை கெட்டுவிடும். அந்தச் சில நிமிடங்களை நீட்டிக்க என்ன வழி?

எதிரியே துணைவனானான்

இங்கேதான் குளிர் வேறு வேடத்தில் வருகிறது.

கனடாவின் டொரோன்டோ நகரில் வில்ஃபிரட் பிகலோ என்னும் அறுவை மருத்துவர் ஓர் எளிய கேள்வி கேட்டார். உடலைக் குளிர வைத்தால் பிராணவாயுத் தேவை குறையும். தேவை குறைந்தால் இரத்த ஓட்டத்தைக் கூடுதல் நேரம் நிறுத்தி வைக்கலாம் அல்லவா? நாய்களை வைத்துச் சோதித்து, 1950இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். மயக்கத்தில் ஆழ்த்தி, நடுக்கத்தை அடக்கி, 28 பாகைக்குக் குளிர வைத்தால் உடலின் தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

குளிரைக் கண்டு போராடும் உடல் வேறு. போராட்டத்தை நிறுத்திவிட்டு உறங்கும் உடல் வேறு. முன்னதில் பிராணவாயு வீணாகச் செலவாகிறது. பின்னதில் சேமிக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டதுதான் பெரிய திருப்பம்.

1952 செப்டம்பர் 2ஆம் தேதி மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் லூயிஸ் என்னும் மருத்துவர், ஐந்து வயதுச் சிறுமியின் இருதயத்தைத் திறந்தார். குளிர்ந்த திரவம் ஓடும் போர்வையில் சுற்றி அவள் உடலை 28 பாகைக்குக் கொண்டு வந்தார்கள். இரத்த ஓட்டத்தை நிறுத்தி, ஆறு நிமிடங்களுக்குள் ஓட்டையைத் தைத்து முடித்தார்கள். அடுத்த வேலை, அவளை மீண்டும் சூடாக்குவது. அதற்கென்று அன்று நவீனக் கருவி எதுவும் இல்லை. பண்ணையில் கால்நடைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பி, அதில் சிறுமியை இறக்கினார்கள். அவள் பிழைத்தாள். கண்ணுக்குத் தெரியும்படி இருதயத்தைத் திறந்து வெற்றி கண்ட முதல் அறுவை அதுதான்.

ஆனால் அந்த வழிக்கும் எல்லை உண்டு. 28 பாகைக்குக் கீழே போனால் இருதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நெளியத் தொடங்கும். கிடைக்கும் நேரமும் பத்து நிமிடத்துக்குள்தான். எளிய ஓட்டைக்கு அது போதும். சிக்கலான கோளாறுக்குப் போதாது.

1953இல் ஜான் கிப்பன் இருதய நுரையீரல் இயந்திரத்தால் 18 வயதுப் பெண்ணுக்கு வெற்றிகரமாக அறுவை செய்தார். 1954 மார்ச் 26ஆம் தேதி அதே மினசோட்டாவில் வால்டன் லில்லிஹெய் இன்னும் துணிச்சலான வழியில் இறங்கினார். பதின்மூன்று மாதக் குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தந்தையின் இரத்தக் குழாய்களோடு இணைத்தார். தந்தையின் இருதயமும் நுரையீரலும் பிள்ளைக்காகவும் வேலை செய்தன. தந்தையிடமிருந்து வந்த இரத்தம் பிராணவாயுவோடு அவருடைய உடலின் சூட்டையும் கொண்டு வந்தது. அறுவை வெற்றி. ஆனால் அந்தக் குழந்தை பதினோராம் நாள் நிமோனியாவால் இறந்தது. அதன் பின்னும் லில்லிஹெய் தளரவில்லை. இந்த முறையில் அறுவை செய்யப்பட்டவர்கள் மொத்தம் 45 பேர். அவர்களில் 28 பேர் நலமாக வீடு திரும்பினர்.

இரத்தத்தின் வழியே சூடு

இயந்திரங்கள் வளர்ந்தன. ஆனால் ஒரு தொல்லை இருந்தது. இரத்தம் உடலை விட்டு வெளியேறிக் குழாய்களில் சுற்றி வரும்போது அறையின் குளிரை வாங்கிக்கொண்டுதான் திரும்பும். பெரியவர் ஒருவரே குளிர்ந்துவிடுவார் என்றால், உடலில் சில நூறு மில்லிலிட்டர் இரத்தமே உள்ள சிசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1958இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐவன் பிரவுன் குழுவினர் இதற்குத் தீர்வு கண்டனர். இரத்தம் ஒரு பக்கம் ஓட, மெல்லிய உலோகச் சுவருக்கு மறுபக்கம் தண்ணீர் ஓடும் வெப்ப மாற்றிக் கருவி அது. தண்ணீர் சூடாக இருந்தால் இரத்தம் சூடாகும். குளிர்ந்திருந்தால் இரத்தமும் குளிரும். ஐஸ் கட்டியும் வெந்நீர்த் தொட்டியும் செய்த வேலையை இனி ஒரு குழாயே செய்யும். அடுத்த ஆண்டே லண்டனில் சார்ல்ஸ் டுரூ, நோயாளியின் உடலை 15 பாகை அளவுக்குக் குளிர வைத்து, இரத்த ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தி அறுவை செய்து காட்டினார்.

சிசுக்களுக்கு இந்த வழியைச் செப்பனிட்டவர்கள் ஆசியாவிலும் பசிபிக் வட்டாரத்திலும் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1960களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள், முதலில் சிசுவின் உடலை வெளியிலிருந்து ஐஸால் குளிர வைத்து, பிறகு சிறிது நேரம் மட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்தும் முறையை வகுத்தனர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரீன் லேன் மருத்துவமனையின் பிரையன் பேரட் பாய்ஸ் அதைக் கற்று, 1969 முதல் சிசுக்களுக்குச் செய்யத் தொடங்கினார். உடல் 22 பாகை அளவுக்குக் குளிர்ந்ததும் இயந்திரம் நிறுத்தப்படும். அசையாத, இரத்தமில்லாத, வாதுமைக் கொட்டை அளவேயான இருதயத்தில் மருத்துவர் நிதானமாகத் தைப்பார். முடிந்ததும் இயந்திரம் மீண்டும் ஓடி, சூடான இரத்தத்தைச் செலுத்தும். உலகெங்கிலும் இருந்து மருத்துவர்கள் ஆக்லாந்துக்குப் போய்ப் படித்து வந்தார்கள்.

ஆனால் குளிர் இலவசமாக உதவுவதில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இருதயத்தின் பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 சிசுக்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரத்த ஓட்டத்தைப் பெரும்பாலும் நிறுத்திவைத்துச் செய்த அறுவையும், குறைந்த அளவில் ஓடவிட்டுச் செய்த அறுவையும் ஒப்பிடப்பட்டன. 1993இலும் 1995இலும் முடிவுகள் வந்தன. ஓட்டத்தை நிறுத்திவைத்த குழுவில் வலிப்பு அதிகம் தென்பட்டது. ஒரு வயதில் கை கால் இயக்க வளர்ச்சியிலும் அக்குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். உயிர் பிழைப்பது மட்டும் போதாது, பிழைத்த பிள்ளை ஓடியாட வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அதன் பின் வலுத்தது.

அறுவை முடிந்து உடலைச் சூடாக்குவதிலும் அதே எச்சரிக்கை வந்தது. அவசரப்படக்கூடாது. குளிரிலிருந்து மீளும் மூளை மிகையான சூட்டைத் தாங்காது. ஆகவே, மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும். 37 பாகையைத் தாண்டவிடக்கூடாது. அறுவைக்குப் பின் சில சிசுக்களுக்கு இருதயம் தறிகெட்டு வேகமாகத் துடிக்கும். அப்போது உடலை ஓரிரு பாகை குளிர வைத்தாலே துடிப்பு அடங்குவதுண்டு. எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர், எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

கத்தியில்லாச் சிகிச்சையில் புதிய சிக்கல்

1966இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ராஷ்கைண்ட், மார்பைத் திறக்காமலே சிசுவின் இருதயத்துக்கு உதவ முடியும் என்று காட்டினார். நுனியில் சிறு பலூன் கட்டிய மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் செலுத்தி, பலூனை ஊதி, ஒரே இழுப்பில் இருதய மேலறைகளுக்கு நடுவே வழி உண்டாக்கினார். நீலம் பாரித்த சிசுக்களுக்கு அது மறுவாழ்வு.

கத்தி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிட முடியாது. இந்தச் சிகிச்சை நடப்பது எக்ஸ்ரே கூடத்தில். அங்குள்ள இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டும். ஈயக் கவசம் அணிந்த மருத்துவர்களுக்கும் குளிர் வேண்டும். சிசுவோ கைகளைத் தலைக்கு மேல் வைத்துத் திறந்த மேனியாகக் கிடக்கும். குழாயைக் கழுவச் செலுத்தும் உப்புநீர் குளிர்ந்திருந்தால் அது நேரே இருதயத்துக்குள் போகும். வெந்நீர் மெத்தையையோ விளக்கையோ வைத்தால் எக்ஸ்ரே படத்தை மறைக்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆகவே, இங்கே பல சின்னச் சின்ன உபாயங்கள் ஒன்று சேர்ந்தன. 1963இல் சில்வர்மன் உள்ளிட்டோர், சிசுவின் தோலில் ஒட்டிய உணர்கருவி சொல்கிறபடி சூட்டைத் தானே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் ஏற்பாட்டை ஆராய்ந்தனர். 1980களின் பிற்பகுதியில் மினசோட்டாவிலிருந்து வெப்பக் காற்றுப் போர்வை வந்தது. காகிதம் போன்ற மெத்தையின் நுண் துளைகள் வழியாக இதமான காற்று வீசும். லூயிஸ் சிறுமியைக் குளிர வைத்த அதே மாநிலத்திலிருந்து, சூடு காக்கும் போர்வையும் உலகுக்குப் போனது. தலையில் கம்பளிக் குல்லாய், கை கால்களில் பஞ்சுச் சுற்று, சமையலறையில் உணவை மூடும் தாள் போன்ற பாலித்தீன் உறை ஆகியவையும் இந்தப் படையில் சேர்ந்தன.

சிசுவைக் கூடத்துக்குக் கொண்டு போகும் வழியே ஆபத்து என்பதும் தெரிந்தது. வெப்பப் பெட்டியிலிருந்து தள்ளுகட்டிலுக்கு, அங்கிருந்து மின்தூக்கிக்கு, மின்தூக்கியிலிருந்து நடைபாதைக்கு என்று ஒவ்வொரு இடமாற்றத்திலும் கொஞ்சம் சூடு போய்விடும். அதனால்தான் பல மருத்துவமனைகளில், மூடாத நாளத்தைக் கட்டும் அறுவைக்குக் குறைமாதச் சிசுவைக் கூடத்துக்குக் கொண்டு போவதில்லை. அறுவைக் குழுவே சிசு இருக்கும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுகிறது.

2019 ஜனவரியில் இந்த வரலாறு இன்னொரு படி ஏறியது. அந்த நாளத்தை மார்பைத் திறக்காமல் அடைக்கும் பட்டாணி அளவுக்கும் சிறிய கருவியை, 700 கிராம் எடையுள்ள சிசுவுக்கே பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. 700 கிராம் என்றால் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைவிடக் குறைவு. அத்தனை சிறிய உடலில் சூடு காப்பது கருவியைச் செலுத்துவதற்கு இணையான வேலை. அறையைச் சூடாக்குவது, உறையால் மூடுவது, கழுவும் நீரையும் இரத்தத்தையும் இளஞ்சூடாக்குவது, உடல் வெப்பத்தை இடைவிடாமல் கண்காணிப்பது என எல்லாம் சிகிச்சை தொடங்கும் முன்பே திட்டமிடப்பட வேண்டும்.

சூடும் அளவோடுதான்

இவ்வளவும் கேட்டபின், சூடு எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். அதுவும் தவறு. சிசுவின் தோல் மெல்லியது. சுடுநீர்ப் புட்டியையோ, கட்டுப்பாடில்லாத விளக்கையோ அருகில் வைத்தால் தோல் வெந்துவிடும். மயக்கத்தில் இருக்கும் குழந்தை அழாது. அதனால்தான் சூடாக்கும் கருவியைவிட வெப்பமானி முக்கியம் என்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 36.5 முதல் 37.5 பாகை வரை உள்ளதைப் பிறந்த குழந்தையின் இயல்பான வெப்பம் என்கிறது. அதற்குக் கீழே 36 வரை இருந்தால் இலேசான குளிர்ச்சி. 32 முதல் 36க்குக் குறைவு வரை மிதமானது. 32க்குக் கீழே போனால் கடுமையானது. 1997இல் அந்த நிறுவனம் பத்துப் படிகள் கொண்ட 'வெப்பச் சங்கிலி' என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. பிரசவ அறையைச் சூடாக வைப்பது, பிறந்த உடனே துடைப்பது, தாயின் மார்போடு அணைப்பது, குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போடுவது, இடம் மாற்றும்போதும் சூடு காப்பது ஆகியவை அதில் சில. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவற்றின் பயன் குறையும். இருதயச் சிகிச்சைக்குப் போகும் சிசுவுக்கு இந்தச் சங்கிலி வார்டில் தொடங்கி, கூடத்தின் வழியாக, மீண்டும் வார்டு வரை அறுபடாமல் நீள வேண்டும்.

'பிள்ளைக்குக் காத்து படாம மூடு' என்று பாட்டிமார்கள் சொல்வதைப் பழைய பேச்சு என்று தள்ளியவர்கள் உண்டு. தார்னியேயும் சில்வர்மனும் அந்தப் பேச்சில் இருந்த உண்மையை அளந்து, எண்ணாக்கித் தந்தார்கள். பிகலோவும் லூயிஸும் பேரட் பாய்ஸும் அதற்கு விலக்கு உண்டு என்பதையும், அந்த விலக்குக்கு எல்லை உண்டு என்பதையும் காட்டினார்கள்.

பிள்ளைக்கு இருதயச் சிகிச்சை என்று கேட்டவுடன் பெற்றோர் கலங்கிப் போவது இயல்பு. யார் அறுவை செய்வார், எத்தனை மணி நேரம் ஆகும் என்பதோடு இன்னொரு கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம்: 'குழந்தையை எப்படிச் சூடாக வைத்திருப்பீர்கள்?' நல்ல மருத்துவக் குழு அந்தக் கேள்வியை வரவேற்கும். அதற்கு விடை அவர்களிடம் தயாராக இருக்கும்.

சிகிச்சை முடிந்து, குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, உடல்நிலை சீரான பிறகு ஒரு நாள் வரும். தாதி அந்தச் சிசுவைத் தூக்கி வந்து தாயின் மார்பில் வைப்பார். அதுவரை இயந்திரங்களும் உறைகளும் செய்துவந்த வேலையை அன்று முதல் தாயின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். அந்த நாள் வரை பிள்ளையின் சூட்டைக் காத்துத் தருவதற்காகத்தான் கூடத்தில் இருப்பவர்கள் வியர்வையில் நனைகிறார்கள்.